நெல்லிவளவுக்கு ஐயர் தேடிய கண்டக்டர்

நடந்துகொண்டிருக்கும் பிரசங்கத்தை விசிலடித்து நிறுத்திய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் கள்ளக்குறிச்சி சபையில் இருக்கிறார். இல்லை, எங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு என்று யாராவது சொன்னால் அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் எங்கள் கண்டக்டரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பார்த்துவிடுவோம்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். களமருதூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஏர் பிடிக்க வேண்டிய கை டிக்கெட் கிழிக்கப் போய்விட்டது. ஓய்வு பெற்ற அன்று தோல் பையை டெப்போவில் ஒப்படைத்தார், டிக்கெட் கட்டை ஒப்படைத்தார், விசிலை மட்டும் ஒப்படைக்கவில்லை. அன்று முதல் அது அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. தூங்கும்போதும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஓய்வு பெற்றதெல்லாம் டெப்போவில்தான். கோயிலில் அவர் டியூட்டி முடியவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்றுகொண்டு, “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கீது, படியில நிக்காதீங்க” என்பார். காணிக்கை எடுக்கும் முறை வந்தால் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொள்வார். சில்லறை போட்டவர்களை ஒரு பார்வை பார்ப்பார். பிரசங்கம் ஆரம்பித்ததும் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்கார்ந்துவிடுவார். பஸ்ஸில் கண்டக்டர் சீட்டு அங்கேதானே இருக்கும்.

பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து; ரெண்டு விசில் என்றால் ரைட், போகலாம். இது எல்லாருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய பிரசங்கியாருக்கு மட்டும் அது தெரிந்திருக்கவில்லை. சித்திரை மாத வெயில், ஓடாத மின்விசிறி, மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அவர் அப்போதுதான் மோசேயைச் செங்கடல் கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கைக்குழந்தைகள் ஒன்றை ஒன்று பார்த்து அழுதன. கடலும் பிளந்தது. இஸ்ரவேல் ஜனங்கள் பாதிக் கடலில் இருக்கிறார்கள், பின்னாலிருந்து நீளமாக ஒரு விசில். பிரசங்கியார் தூக்கிய கையை இறக்க மறந்து நின்றுவிட்டார். இஸ்ரவேலர் கரையேறினார்களா என்று எங்கள் சபைக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் விசாரணை. புகார் சொன்னவன் நான்தான். அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிறவனுக்கு ஒழுங்கு தவறினால் பொறுக்காது. என்ன சமாதானம் சொல்கிறீர் என்று கேட்டதற்கு, இறங்குகிறவர்கள் இருந்தால் வண்டியை நிறுத்த வேண்டியது கண்டக்டரின் கடமை என்றார். பாதிக் கமிட்டி சிரித்துவிட்டது. மீதிப் பாதிதான் தண்டனை கொடுத்தது. நெல்லிவளவுக்கு ஐயர் தேடும் வேலையை அவர் தலையில் கட்டினார்கள். ஓர் ஆள் போதாது, பொறுப்பான ஆள் ஒருவர் கூடப் போகட்டும் என்று என்னையும் சேர்த்துவிட்டார்கள். புகார் சொன்னவனுக்கும் அதே தண்டனை கொடுத்த ஒரே நீதிமன்றம் அதுதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வது வழக்கம். நெல்லிவளவு என்பது கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி, பஸ் திரும்பும் இடத்தில் இருக்கிற சின்னக் கிராமம்; மலையில் ஊரை வளவு என்பார்கள். கூலி வேலை, மரவள்ளிக் கொல்லை, சாமை, கடுக்காய்க் காலத்தில் கடுக்காய். அங்கே எங்கள் சபையின் கிளைக் கோயில் ஒன்று. ஓட்டுக் கூரை, ஒரு மணி, பக்கத்தில் ஐயர் குடியிருக்க ஒரு வீடு. எல்லாம் இருந்தது, ஐயர் மட்டும் இல்லை. கடைசியாக இருந்தவர் மாற்றலாகிப் போனபின் பல வருடங்களாக யாரும் வரவில்லை. மேலிடத்தில் கேட்டால், மலைக்குப் போக யாரும் சம்மதிக்கவில்லை, சம்மதிக்கிற ஆளை நீங்களே பிடித்துக் கொண்டுவாருங்கள், நியமித்துத் தருகிறோம் என்று கைகழுவிவிட்டார்கள். விளைச்சலைக் கோயிலில் படைக்கும் அறுப்பின் பண்டிகை வருவதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் நெல்லிவளவுக் கோயிலைப் பூட்டி, ஜனங்களை மலையடிவாரச் சபையோடு சேர்த்துவிடுவதாகவும் முடிவாகியிருந்தது. அதாவது, அறுபது வயது மூதாட்டி திருவிருந்து வாங்க மலை இறங்கி வர வேண்டும்.

தண்டனை என்று நினைத்துக் கொடுத்தார்கள் அல்லவா, கண்டக்டர் அதை வரமாக வாங்கிக்கொண்டார். முதல் தடவை மேலே போகும்போதுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. அவருடைய எஸ்தர் அக்காவை நெல்லிவளவில் வாத்தியாராக இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வாத்தியார் காலமான பின்னும் அக்கா மலையை விட்டு இறங்கவில்லை. கண்டக்டர் அந்தப் பாதையிலேயே டியூட்டி கேட்டு வாங்கினார். கடைசி வளைவில் ஒரு விசில் அடித்தால் அக்கா வீட்டுக்கு வெளியே வந்துவிடும். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கைத் தூக்குச் சட்டியில் போட்டு ஜன்னல் வழியாக நீட்டும். இவர் ரெண்டு விசில் அடித்தால் கை காட்டிவிட்டு உள்ளே போகும். வருடக்கணக்காக அக்கா தம்பிப் பேச்சு முழுவதும் அந்த விசிலில்தான் நடந்திருக்கிறது.

அந்த அக்கா ஓர் ஐப்பசி அடைமழையில் செத்துப்போனது. பாதையில் மண் சரிந்து கீழே இருந்து ஐயர் வர முடியவில்லை. இவர் மட்டும் சேற்றில் நடந்து போய்ச் சேர்ந்தார். அதை அவர் பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார்.

“ஐயிரு இல்ல, பாட்டு இல்ல. நாந்தான் குழிகிட்ட நின்னேன். பரமண்டல ஜெபத்த சொன்னேன். அதுக்கப்புறம் இன்னா சொல்றதுன்னு தெரியல. எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கினு கீறாங்க. கை தானா பாக்கெட்டுக்குப் போயிடுச்சி. ரெண்டு விசில் அடிச்சேன். மண்ணத் தள்ளிட்டாங்க.” அடுத்த வளைவு வந்ததும், “ஒரு சீவன அப்பிடியா அனுப்புறது, வண்டிய அனுப்புற மாதிரி? இனிமே அந்த வளவுல ஒருத்தரையும் அப்பிடி அனுப்பக் கூடாதுபா” என்றார்.

அவர் மேல் புகார் கொடுத்த வாய் என்னுடையது. அன்றைக்கு அதற்குப் பேச வரவில்லை.

சரி, ஐயர் தேட வேண்டும். எப்படித் தேடுவது? நான் ஒழுங்கான ஆள், ஒழுங்கான வழி சொன்னேன். ஒவ்வொருவரையும் வரவழைத்து, ஒரு பிரசங்கம் செய்யச் சொல்லி, கேட்டு முடிவு செய்யலாம் என்றேன். கண்டக்டர் என்னைப் பயணச்சீட்டு எடுக்காதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிரசங்கத்தில் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, மனுஷன் பஸ்ஸை விட்டுவிட்டால் என்ன செய்கிறான் என்பதில்தான் கண்டுபிடிக்க முடியும் என்றார். முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸின் பின்னால் ஓடி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறார். யார் திட்டுவான், யார் கல்லெறிவான், யார் பக்கத்துக் கடையில் டீ சொல்லிவிட்டு உட்காருவான் என்று முகத்தைப் பார்த்தே சொல்வாராம். மலையில் தாக்குப்பிடிக்கிறவன் அந்த டீ சொல்கிறவன்தானாம்.

ஆகவே அவர் முறை இதுதான். வருகிற ஐயரைக் காலை பஸ்ஸில் மேலே அழைத்துப்போவது. கோயிலைக் காட்டுவது, ஜனங்களைக் காட்டுவது. அக்கா மகள் கிரேஸ் வீட்டில் சாமைச் சோறும் கொள்ளு ரசமும் போடுவது. சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு நடந்து வரும்போது, டிரைவருக்குத் தூரத்திலிருந்தே கை காட்டுவது. டிரைவர் அவருடைய பழைய கூட்டாளி. கை அசைந்ததும் ஐந்து நிமிடம் முன்னதாகவே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இனி மறுநாள் காலைதான் பஸ். ஐயர் என்ன செய்கிறார் என்று பாறை மேல் உட்கார்ந்து நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம். இந்தச் சதியில் நான் கூட்டு என்பதை என் அலுவலகத்தில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

முதலில் வந்தவர் இளைஞர். பளபளவென்று ஷூ, சக்கரம் வைத்த பெட்டி. மலைப் பாதையில் அந்தச் சக்கரத்தை உருட்ட முடியாமல் கிரேஸ்தான் பெட்டியைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தாள். பஸ் போனதும், இன்னொன்று வரும் என்று பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். வராது என்று நாங்கள் மூன்று தடவை சொன்னோம். விசுவாசம் அசையவில்லை. இருட்டிய பிறகுதான் எழுந்தார். காலையில் ஐயர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதல் பஸ்ஸில் முதல் ஆளாக ஏறினார். ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

எங்கள் சபைகளில் ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்பது, பெண் பார்க்க வந்த இடத்தில் ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்வதற்குச் சமம். பஜ்ஜி தின்றது தின்றதுதான்.

இரண்டாமவர் எலவனாசூர்கோட்டைப் பக்கம். பஸ் போனதும் பாறை மேல் ஏறி, செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடினார். மேலிடத்துக்கு ஒரு போன், மாமனாருக்கு ஒரு போன். தன்னை மலையில் சிறை வைத்திருப்பதாக மாமனாரிடம் அவர் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. அவரும் காலையில் வீட்டைப் பார்த்தார், ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

மூன்றாமவர்தான் எங்களை ஏமாற்றியவர். வயதானவர், ஓய்வு பெறப் போகிறவர், பிள்ளைகள் எல்லாம் செட்டில் ஆகிவிட்டார்கள். பஸ் போனதைப் பார்த்துச் சிரித்தார். கிரேஸ் வீட்டு வாசலில் உட்கார்ந்து கிழங்கு உரித்துக் கொடுத்தார், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். கண்டக்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஆள் கிடைத்துவிட்டார், அறுப்பின் பண்டிகைக்கு இவரே ஆராதனை என்று என் முதுகில் தட்டினார். காலையில் பெரியவர் ஐயர் வீட்டைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் பாட்டு இல்லை. முழங்கால் வலி இருக்கிறது, மலை ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது, எதற்கும் ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

கண்டக்டர் இடிந்துபோய்விட்டார். பாஸ் ஆனவர் எப்படி ஃபெயில் ஆகலாம்? பஸ்ஸில் இறங்கும்போது எல்லா வளைவிலும் அதையே கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கும் வெறுத்துவிட்டது. ஐயரைத் தேடுகிறோமா, புலியைப் பொறி வைத்துப் பிடிக்கிறோமா என்று எரிந்து விழுந்தேன். வழக்கமாகப் பதிலுக்குப் பதில் பேசுகிறவர் அன்று, “பண்டிகைக்கு நாளு கம்மியா கீதுபா” என்று மட்டும் சொன்னார்.

நான்காவதாக வந்தவர் திருக்கோவிலூரில் உதவி ஐயராக இருந்த தானியேல். அமைதியான மனிதர், கேட்டதற்கு மட்டும் பதில். அவரோடு ஒரு சங்கடமும் வந்தது. அவர் மனைவி, நானும் வருவேன் என்று கிளம்பிவிட்டார். கண்டக்டருக்கு இது பிடிக்கவில்லை. இதுவரை வந்தவர்களிடமெல்லாம், மலையில் வளைவு ஜாஸ்தி, பெண்களுக்குத் தலை சுற்றும், முதலில் நீங்கள் மட்டும் வந்து பாருங்கள் என்று சொல்லித்தான் கூட்டிவந்திருந்தார். ஐயரம்மாவிடமும் அதையே சொன்னார். தலை சுற்றினால் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். தலை சுற்றியது எனக்குத்தான்.

எல்லாம் வழக்கம்போல் நடந்தது. கோயில், ஜனங்கள், சாமைச் சோறு. சாயங்காலம் பஸ் ஐந்து நிமிடம் முன்னதாகப் போனது. நாங்கள் பாறையில் இடம் பிடித்தோம். தானியேல் ஐயர் பஸ் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கிரேஸின் கொல்லையில் களை எடுக்கிறவர்களோடு போய்க் குனிந்துவிட்டார். அவர் பிடுங்கியதில் பாதி சாமைப் பயிர் என்பது வேறு விஷயம். கண்டக்டர் என் தொடையைக் கிள்ளினார். இதுதான் டீ சொல்கிறவன்.

அப்போதுதான் ஐயரம்மா எங்கே என்று பார்த்தோம். அவர் ஐயர் வீட்டு வாசலில் நின்றிருந்தார். கதவை யாரும் திறந்து காட்டவில்லை. கிரேஸிடம் சாவி கேட்டு வாங்கித் தானே திறந்துவிட்டார். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே கடுக்காய் மூட்டை. கூரை வரைக்கும் கடுக்காய் மூட்டை. இந்தப் பக்கம் காய்ந்த மரவள்ளிச் சில்லு, அந்தப் பக்கம் பண்டிகைப் பந்தல் கழிகள், அதன் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஐயர் இல்லாத வீடு சும்மா கிடப்பானேன் என்று வளவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிவைத்திருக்கிறார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, மழைக்கு ஒழுகாத வீடு அங்கே அது ஒன்றுதான்.

ஐயரம்மா குரலை உயர்த்தவில்லை. “அண்ணா, நீங்க டிரைவருக்குக் கை காட்டினத நான் பாத்தேன்” என்றார்.

“எங்க வூட்டுக்காரர சோதிச்சீங்க, சரி. இந்த வூட்ட யாருனா சோதிச்சீங்களா? தண்ணி எங்கேர்ந்து வரும்? பொம்பள ஒருத்தி எங்க குளிப்பா? ராத்திரி அவசரம்னா எங்க போவா?”

குழாய் இல்லை, குளியலறை இல்லை, கழிப்பறை இல்லை. பழைய ஐயர் போன பிறகு இருந்த ஒரு மறைப்பும் விழுந்துவிட்டது. வளவில் எல்லாரும் காட்டுக்குப் போவதால் அது ஒரு குறை என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. நாங்கள் ஆம்பளைகள், பாறை மேல் உட்கார்ந்து ஆளை அளந்துகொண்டிருந்தவர்கள்.

“அப்ப நீங்க வரமாட்டீங்களாம்மா?” என்று கண்டக்டர் கேட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“வரமாட்டோம்னு சொல்லலண்ணா. இப்பிடி வரமாட்டோம்னு சொல்றேன்.”

அவர் போனபின் கண்டக்டர் அந்த வீட்டுக்குள் தனியாகப் போனார். மூட்டைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தார், ஊரெல்லாம் படியில் நிற்காதே என்று சொல்கிற மனிதர்.

“எவனும் பஸ்ஸால ஃபெயிலாவலபா. எல்லாரும் காலையில இந்த வூட்டப் பாத்துட்டுத்தான் போயிக்கீறாங்க. நாந்தான் கண்டக்டரு, வண்டியில சீட்டே இல்லாம ஆள ஏத்திக்கினு இருந்திருக்கேன்.”

மறு வாரமே வேலை ஆரம்பித்தது. கடுக்காய் மூட்டைகள் அவரவர் வீட்டுக்குத் திரும்பின. கோழியை மட்டும் குஞ்சு பொரிக்கும்வரை யாரும் அசைக்கக் கூடாது என்று கண்டக்டர் உத்தரவு. மேலே இருந்த சுனையிலிருந்து கறுப்புக் குழாய் இழுத்துக்கொண்டு வந்தார்கள். கழிப்பறைக் குழி தோண்ட பக்கத்து வளவிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். அந்த வளவுக்காரர்கள் மாரியம்மன் கோயில்காரர்கள். எங்கள் ஐயருக்கு உங்கள் ஊர் ஆள் எதற்கு உழைக்க வேண்டும் என்று நான் அவரிடம் கொஞ்சம் கிண்டலாகக் கேட்டேன். தங்கள் கோயில் பூசாரியும் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய் வருடக்கணக்காகிவிட்டது, சாமிக்கு விளக்கு வைக்க ஆள் கிடைக்காத வருத்தம் தங்களுக்கும் தெரியும் என்றார். அதற்குமேல் நான் கிண்டல் செய்யவில்லை, கல் சுமந்தேன்.

வேலை நடந்ததெல்லாம் விசிலில்தான். ஒரு விசில் அடித்தால் எல்லாரும் மண்வெட்டியை நிறுத்த வேண்டும். ரெண்டு அடித்தால் தொடங்க வேண்டும். சுவர் கொஞ்சம் கோணலாக எழும்பியபோது ஒரே நிமிடத்தில் அவர் அடித்த விசிலில் மலையில் இருந்த மாடுகளெல்லாம் வீடு திரும்பிவிட்டன. தண்ணீர் முதல் முதலாகக் குழாயில் வந்த அன்று, அதை யார் முதலில் பிடிப்பது என்று வளவுப் பெண்களுக்குள் சண்டை. கண்டக்டர் வரிசை கட்டினார். முன்னால் வருகிறவர் முன்னால், பின்னால் நிற்கிறவர் பொறுமை, தள்ளாதீங்க. பிறகு கொத்தனார் வளவுப் பெண்களும் ஆளுக்கு ஒரு கழிப்பறை கேட்டார்கள். அது தனிக் கதை, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் திருக்கோவிலூரிலிருந்து பதில் வரவில்லை. வீடு தயார் என்று நான்தான் போன் செய்து சொன்னேன். தானியேல் ஐயர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. இதைக் கண்டக்டரிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் அலுவலகத்திலேயே பதுங்கியிருந்தேன். மூன்றாவது நாள் அவரே வந்து என் மேசைக்கு எதிரே நின்றார். சொன்னேன். “அவங்க நெசமாவே ஜெபிப்பாங்களா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பின் எனக்கு வேலை ஓடவில்லை. இந்த மனுஷனுக்கு இது நடக்க வேண்டும் ஆண்டவரே என்று, கோப்புகளுக்கு நடுவே நான் முதல் முறையாக உண்மையாக ஜெபித்தேன்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை. வளவு ஜனங்கள் கோயிலில் வாழைத்தார், பூசணி, சாமைக் கதிர் எல்லாம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டினார்களே தவிர யாருக்கும் கையில் தெம்பில்லை. மறுநாள் ஆராதனை முடிந்ததும் கோயிலைப் பூட்டப்போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கண்டக்டர் காலையிலிருந்து கடைசி வளைவில் போய் நின்றுகொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். கீழே தூரத்தில் ஒரு மினி லாரி மெல்ல ஏறி வந்தது. அதன் மேல் பீரோ, கட்டில், கவிழ்த்துக் கட்டிய சைக்கிள், ஒரு துளசிச் செடித் தொட்டி.

முதலில் நான் பார்த்தது ஐயரம்மாவின் முகத்தைத்தான். முன் சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கண்டக்டர் விசிலை எடுத்தார். ஒரே ஒரு விசில். நிறுத்து, இங்கே இறங்குகிற ஆள் இருக்கிறது. கல்வராயன் மலை முழுக்கக் கேட்டிருக்கும். லாரி நின்றது. கோயிலில் இருந்தவர்களெல்லாம் கதிரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

ஐயர் இறங்கிக் கும்பிட்டார். கண்டக்டர் பதிலுக்குக் கும்பிடக்கூட இல்லை. “ஐயரே, சாமான அப்புறம் எறக்கிக்கலாம். ஒரு வேல பாக்கி கீது” என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. கிரேஸுக்கும் புரிந்துவிட்டது; அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். எஸ்தர் அக்காவின் குழி மேட்டில் புல் முளைத்திருந்தது. ஐயர் பெட்டியிலிருந்து அங்கியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார், லாரியில் நசுங்கிய அங்கி. அடக்க ஆராதனையை முதலிலிருந்து கடைசி வரை ஒரு வரி விடாமல் நடத்தினார். பாட்டு பாடினோம். வளவே பாடியது. நீளமான ஜெபம். அவ்வளவு நீளத்துக்கு யாரும் விசிலடிக்கவில்லை.

ஆமென் சொன்னோம். யாரும் அசையவில்லை. கண்டக்டர் கை சட்டைப் பைக்குப் போனது. தொட்டுவிட்டு வெறுங்கையாகத் திரும்பி வந்தது. இந்தக் குழியண்டை அவர் செய்த ஒரே தப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது அதுதானே.

கிரேஸ் எப்போது சொன்னாளோ தெரியாது, ஐயரம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. “அடிங்கண்ணா. அவங்க கேட்டுப் பழகுன சத்தந்தான” என்றார்.

கண்டக்டர் ஐயரைப் பார்த்தார். ஐயர் தலையாட்டினார். விசிலை வாயில் வைத்து ஊதினார். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை ஊதினார், உதடு நிற்கவில்லை. விசிலைச் சட்டையில் துடைத்து என் கையில் கொடுத்தார்.

புகார் சொன்ன வாயில் அதை வைத்து, ரெண்டு விசில் அடித்தேன். நன்றாகத்தான் அடித்தேன். ஆனாலும் அவர் அடிக்கிற மாதிரி வரவில்லை. அது யாருக்கும் வராது.